புளியறை இறக்கத்தில் ஒரு சைக்கிள் கணக்கு

குற்றாலம் பேரருவியின் அடியில் தலையைக் கொடுத்து நிற்கிற எல்லாரும் ஒரு பாறைப் பள்ளத்துக்குக் கடன்பட்டவர்கள். சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து நீர் தடையில்லாமல் நேராக விழுந்தால் என்ன ஆகும்? காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், அடியைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டும். அதற்குக் கீழே எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்க ஒருவராலும் முடியாது. நல்லவேளையாக, வழியில் பொங்குமாங்கடல் இருக்கிறது. மேலிருந்து வரும் வெள்ளம் அந்தப் பள்ளத்தில் விழுந்து, சுழன்று, பொங்கி, வேகத்தை அங்கேயே தொலைத்துவிட்டுப் பிறகு வழிந்து இறங்குகிறது. நம் தோளில் விழுவது அந்த இரண்டாம் வீழ்ச்சிதான்.

கையிலுள்ள உயரத்தை ஒரேயடியாகக் கொட்டிவிடாமல் தவணை தவணையாகச் செலவழிக்கும் இதே ஏற்பாட்டை, மலைக்காடுகளில் சைக்கிள் பாதை அமைப்பவர்கள் மண்ணில் செய்கிறார்கள். அந்தப் பாதைகளுக்கு ஃப்ளோ டிரெயில் என்று பெயர். ஓட்டத்தடம் என்று சொல்லிக்கொள்வோம். உச்சியில் சைக்கிளில் ஏறினால், அடிவாரம் வரை அதிகம் மிதிக்கவும் வேண்டாம், பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வரவும் வேண்டாம். தடம் அலையலையாக ஏறி இறங்கும். வளைவுகளில் வெளியோரம் மண்சுவராக எழுந்து வண்டியைத் தாங்கித் திருப்பும். பார்ப்பதற்கு யாரோ மண்வெட்டியோடு விளையாடிய இடம் போலத்தான் இருக்கும். ஆனால் அதன் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு.

அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளப் புளியறையைப் போல வாய்ப்பான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. தென்காசி மாவட்டத்தின் மேற்கு முனையில், செங்கோட்டையைத் தாண்டி, மேற்குத் தொடர்ச்சி மலை கொஞ்சம் இறங்கி வழிவிடும் இடம் அது. இந்தக் கணவாயின் வழியாகத்தான் கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744 போகிறது. 1904-இல் ஓடத் தொடங்கிய செங்கோட்டை – புனலூர் ரயில் பாதையும் இதே வழிதான். தென்மேற்குப் பருவக்காற்று சாரலோடு நுழைவதும் இங்கேதான். யானைகள் நடமாடும் காடும் இருபுறமும் இருக்கிறது. கேரள எல்லையிலுள்ள கோட்டைவாசலிலிருந்து புளியறைக்கு இறங்கும் சாலையில், லாரிக்காரர்கள் எல்லாரும் அறிந்த எஸ் வளைவு வருகிறது. தண்ணீர், யானை, ரயில், லாரி, சைக்கிள் என எல்லாமே இங்கே ஒரே கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: இந்த உயரத்தை எப்படிச் செலவழிப்பது?

முதலில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம். ஆளும் வண்டியும் சேர்ந்து 95 கிலோ. கணக்குக்காக 100 மீட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்ளலாம். உச்சியில் நிற்கும்போது அவர் கையிருப்பு சுமார் 93,000 ஜூல் ஆற்றல். உராய்வும் காற்றும் இல்லாத உலகமாக இருந்தால், அடிவாரத்தில் அவர் வேகம் மணிக்கு 159 கிலோமீட்டர். அவ்வளவையும் பிரேக்கில் மட்டும் கரைத்தால் எழும் வெப்பம், 300 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். சொற்பம் என்று தோன்றலாம். ஆனால் அந்த வெப்பம் போய் உட்காரும் இடம், இரண்டு சக்கரங்களிலும் உள்ள மெல்லிய எஃகுத் தட்டுகள். இரண்டும் சேர்ந்து அரைக் கிலோகூட வராது. காற்று அவற்றைக் குளிர்விக்காவிட்டால் 450 டிகிரிக்கு மேல் சூடேறிவிடும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மலைச் சைக்கிள் பந்தயம் பிறந்ததே இந்தச் சூட்டில்தான். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மரின் வட்டாரத்தில், ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்கருகே ஒரு மண்சாலை இருக்கிறது. சுமார் 3.4 கிலோமீட்டர் நீளத்தில் 400 மீட்டர் இறங்கும். 1976 அக்டோபரில் அங்கே இளைஞர்கள் சிலர் கடிகாரம் வைத்துப் பந்தயம் விட்டார்கள். வண்டிகள் எல்லாம் 1930, 40-களின் கனத்த பழைய சைக்கிள்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் குடத்துக்குள் பிரேக் பிடிக்கும். ஒருமுறை இறங்கி வந்தாலே குடத்திலிருந்த கிரீஸ் புகைந்து காலியாகிவிடும். பிரித்துக் கழுவிப் புது கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த சுற்று. கிரீஸை 'மறுபடி அடைப்பது' என்ற பொருளில் அந்தச் சாலைக்கே ரீபேக் என்று பெயர் வந்துவிட்டது. அந்த இளைஞர்களில் ஒருவரான கேரி ஃபிஷர் அதை 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கினார். சராசரி மணிக்கு 46 கிலோமீட்டர், அதுவும் கரடுமுரடான மண்ணில். மறு ஆண்டே, 1977-இல், அதே கூட்டத்தைச் சேர்ந்த ஜோ ப்ரீஸ் மலைக்கென்றே ஒரு சட்டகத்தை வடிவமைத்துக் கட்டினார். 1990-இல் கொலராடோவின் டுராங்கோவில் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் காட்டுப்பாதைப் பந்தயம் இடம்பிடித்தது. இருபதே ஆண்டுகளில் இவ்வளவு தூரம்.

ரீபேக் சாலையின் சாய்வைக் கவனியுங்கள். 100 மீட்டர் போனால் ஏறக்குறைய 12 மீட்டர் இறக்கம். பிரேக் புகைந்ததற்கு அதுதான் காரணம். சாய்வைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதில்தான் ஓட்டத்தடத்தின் முதல் சூட்சுமம் இருக்கிறது. இறங்கும் சைக்கிளை முன்னே தள்ளுவது புவியீர்ப்பு. பின்னே இழுப்பவை இரண்டு: டயருக்கும் மண்ணுக்கும் இடையிலான தடை ஒன்று, காற்றின் தடை மற்றொன்று. மண்ணின் தடை வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறாது. காற்றோ வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காக எதிர்க்கும். ஆகவே எந்தச் சரிவிலும், தள்ளுவதும் இழுப்பதும் சமமாகும் ஒரு வேகம் இருக்கிறது. அதற்கு மேல் வண்டி தானாகவே முடுகாது. நம் 95 கிலோ கணக்கில், மண்தடத்தில் 100-க்கு 10 சாய்வு என்றால் அந்த வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர் பக்கம் போகும். 100-க்கு 5 என்றால் 30 பக்கம் நின்றுவிடும். பிரேக்கைத் தொடவே வேண்டாம். உயரம் கைக்கு வரவர, காற்றும் மண்ணும் அதைச் சாப்பிட்டுக்கொண்டே வருகின்றன. அதே 5 சாய்வைத் தார்ச்சாலையில் போட்டால் வேகம் 40-ஐத் தாண்டும். தார் சைக்கிளிடமிருந்து மிகக் குறைவாகவே பிடுங்குகிறது.

சாய்வைப் பாதியாக்கினால் பாதையின் நீளம் இரட்டிப்பாகும். 100 மீட்டர் உயரத்தை 5 சாய்வில் இறங்க 2 கிலோமீட்டர் தடம் தேவை. மலைச்சரிவில் அவ்வளவு நீளத்துக்கு எங்கே போவது? வளைக்கத்தான் வேண்டும். ரயிலுக்கும் இதே நெருக்கடிதான், இன்னும் கடுமையாக. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் எளிதில் வழுக்கும். நீலகிரி மலை ரயிலில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே, 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் இடங்களில், பல்சக்கரம் பல்தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டுதான் ஏற வேண்டியிருக்கிறது. செங்கோட்டைப் பாதையில் பல்சக்கரம் கிடையாது. அதனால் மலையைக் குடைந்தும், பள்ளத்தில் பாலம் போட்டும், சரிவுகளைச் சுற்றியும் சாய்வைக் குறைத்தார்கள். கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலம் அப்படி வந்ததுதான். அப்படியும் ரயில்களுக்குப் பின்னால் இன்னோர் எஞ்சினைக் கோத்துத் தள்ளும் வழக்கம் இருக்கிறது.

யானை இந்தக் கணக்கில் நமக்கெல்லாம் மூத்தது. கென்யாவின் சம்புரு பகுதி யானைகளுக்கு ஜி.பி.எஸ். பட்டை கட்டி அவற்றின் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்தவர்கள் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். யானைகள் குன்றுகளை முடிந்த மட்டும் தவிர்க்கின்றன என்று அது காட்டியது. காரணம் எளிமையானது. உடம்பு கனமானால் ஏறும் செலவும் கூடும். 100 மீட்டர் ஏறினால், அதை ஈடுகட்ட ஒரு பெரிய யானை கூடுதலாக அரைமணி நேரம் மேய வேண்டும். யானைத்தடம் எப்போதும் மிதமான சாய்விலேயே வளைந்து போவதன் ரகசியம் அதுதான். மலைச்சரிவில் பாதை தேடும் எந்தப் பொறியாளரும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

இனி வளைவுக்கு வருவோம். ஓட்டத்தடத்தின் கிரீடம் இதுதான். சமதளமான மண்ணில் 5 மீட்டர் ஆரமுள்ள வளைவைச் சைக்கிளில் திரும்பிப் பாருங்கள். புழுதி மண்ணில் மணிக்கு 16 கிலோமீட்டரைத் தாண்டினால் டயர் வெளிப்பக்கம் நழுவத் தொடங்கும். இப்போது அதே வளைவின் வெளியோரத்தில் மண்ணைக் குவித்து, இறுக்கி, 45 டிகிரி சாய்ந்த சுவராக்கிவிடுங்கள். இதை வளைவுக்கரை என்று அழைப்போம். மணிக்கு 25 கிலோமீட்டரில் இதில் நுழைகிறவருக்கு உராய்வே தேவைப்படாது. சுவரில் எண்ணெய் தடவியிருந்தாலும் அந்த வேகத்தில் வழுக்காமல் திரும்பிவிடலாம். வெளியே தள்ளும் விசையும் கீழே இழுக்கும் எடையும் சேர்ந்து சுவருக்கு நேர் செங்குத்தாக அழுத்துகின்றன. பக்கவாட்டில் நழுவ எந்த விசையும் மிஞ்சுவதில்லை. 70 கிலோ ஆள் அந்தக் கணத்தில் 99 கிலோ கனப்பார். முழங்கால் லேசாக மடங்குவதை அவரே உணர முடியும். டயர் மண்ணை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. வளைவில் பிடிமானம் குறையும் என்பதுதான் நம் அனுபவம். வளைவுக்கரையிலோ அது கூடுகிறது.

அப்படியென்றால் எஸ் வளைவிலும் சாலையை இப்படிச் சாய்க்கலாமே என்று தோன்றும். சாய்த்துத்தான் இருக்கிறார்கள், கொஞ்சமாக. மலைச்சாலைகளில் வெளியோரத்தை 100-க்கு 10 வரை உயர்த்தலாம் என்பது இந்திய நெடுஞ்சாலை விதி. அதற்கு மேல் போனால், வளைவில் ஊர்ந்து வரும் அல்லது நின்றுவிடும் பாரவண்டி உட்பக்கம் சரியும். ரயில் பாதையிலும் வெளித் தண்டவாளத்தை உயர்த்துகிறார்கள். அங்கும் அதே வரம்புக் கவலை. ஒரு சாய்வு ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும். சைக்கிள் தடம் போடுகிறவர் இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் சுவரைத் தட்டையாகக் கட்டுவதில்லை, கிண்ணத்தின் உட்பக்கம் போலக் குழிவாக இழைக்கிறார். அடியில் சாய்வு குறைவு, மேலே போகப்போக நிமிர்வு. மெதுவாக வரும் சிறுவன் அடியோரமாகத் திரும்புவான். வேகமாக வரும் பந்தயக்காரர் தானாக மேலே ஏறுவார். எந்த வேகத்தில் வந்தாலும் அதற்குரிய சாய்வு அந்தச் சுவரில் எங்கோ ஓரிடத்தில் காத்திருக்கிறது.

திரும்புவதிலும் ஒரு விந்தை உண்டு. சைக்கிள் ஓட்டத் தெரிந்த எல்லாரும் செய்வது, ஆனால் அநேகமாக யாரும் அறியாதது. வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் ஹேண்டிலை முதலில் இடப்பக்கம் திருப்புகிறோம். வலக்கை ஹேண்டிலை லேசாக முன்னே தள்ளுகிறது. முன்சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் விலகுகிறது. அடியில் சக்கரம் அந்தப் பக்கம் போனதும் உடம்பு வலப்பக்கம் சரிகிறது. சரிந்த பிறகுதான் சக்கரம் வலப்பக்கம் திரும்பி, அந்தச் சரிவைத் தாங்கிக்கொள்கிறது. நம்பாதவர்கள் காலியான நேர்ச்சாலையில், ஓரளவு வேகத்தில், வலக்கைப் பிடியை மெல்லத் தள்ளிப் பார்க்கலாம்.

ஆளே இல்லாமல் தள்ளிவிட்ட சைக்கிள் விழாமல் ஓடுகிறதே, ஏன்? சுழலும் சக்கரங்களின் பம்பர விளைவு என்றும், முன்சக்கரம் தன் திருப்பச்சுக்குச் சற்றுப் பின்னால் தரையைத் தொடுவதன் விளைவு என்றும் நெடுங்காலம் விடை சொல்லிவந்தார்கள். டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்த இரண்டு விளைவுகளையும் நீக்கிவிட்டு ஒரு சோதனை வண்டி செய்தார்கள். அதுவும் விழாமல் ஓடியது. 2011-இல் 'சயின்ஸ்' இதழில் அது வெளியானது. இருநூறு வருடமாக மனிதன் ஓட்டிவரும் எந்திரம் ஏன் நிமிர்ந்து நிற்கிறது என்ற கேள்விக்கு இன்றும் ஒற்றைவரி விடை இல்லை.

வளைவுக்கரையைத் தாண்டியதும் அலைமேடுகள் வரும். முழங்கால் உயரமோ இடுப்பு உயரமோ உள்ள மண் அலைகள், ஒன்றன்பின் ஒன்றாக. பழகியவர்கள் இவற்றில் மிதிக்காமலே வேகம் கூட்டுவதைப் பார்த்தால் கண்கட்டு வித்தை போலிருக்கும். ஊஞ்சலில் நின்று ஆடுகிற பிள்ளைகள் செய்வதுதான் இது. யாரும் தள்ளிவிடாமல், அடியில் வரும்போது நிமிர்ந்தும் உச்சியில் குனிந்தும் வீச்சைக் கூட்டிக்கொள்வார்கள் அல்லவா? சைக்கிள்காரரும் பள்ளத்தில் கைகால்களை நீட்டி வண்டியை மண்ணில் அழுத்துகிறார். மேட்டின் முகட்டில் மடக்கி வண்டியைத் தன்னை நோக்கி எழ விடுகிறார். பள்ளத்தில் உடம்பு கனக்கிறது, அப்போது நிமிர அதிக உழைப்பு தேவை. முகட்டில் உடம்பு இலேசாகிறது, மடங்கும்போது குறைவாகவே இழக்கிறார். இந்த வித்தியாசம் முழுவதும் வேகமாகிறது. பெடலில் கால் சும்மா நிற்க, தொடையும் தோளும் எஞ்சினாக மாறியிருக்கும்.

அதே மேடு பிரேக்காகவும் வேலை செய்யும். மணிக்கு 30 கிலோமீட்டரில் வருகிறவருக்கு முன்னால் ஒரு மீட்டர் ஏற்றம் வந்தால், உச்சியில் அவர் வேகம் 25. பிரேக்கைத் தொடவில்லை, வெப்பமாக எதுவும் வீணாகவில்லை. வேகம் உயரமாக மாறி மேட்டில் வைக்கப்பட்டிருக்கிறது. மறுபக்கம் இறங்கினால் 30 திரும்பக் கிடைக்கும். தேர்ந்தவர்கள் வளைவுக்குச் சற்று முன்னால் இப்படி ஓர் ஏற்றத்தை வைத்துவிடுவார்கள். வளைவுக்குத் தேவையான 25 அங்கே தானாக அமைந்துவிடும். இதில் இன்னொரு வேடிக்கை: நின்ற இடத்திலிருந்து ஒரு மீட்டர் இறங்கினால் மணிக்கு 16 கிலோமீட்டர் கிடைக்கும். 25-இல் போகும்போது அதே ஒரு மீட்டர் தருவது வெறும் 5. வேகம் கூடக்கூட, அடுத்தடுத்த ஒவ்வொரு கிலோமீட்டரும் அதிக உயரத்தைக் கேட்கிறது.

இந்த ஏற்பாடு இல்லாத தடங்களில் எல்லாரும் வளைவுக்கு முன் ஒரே இடத்தில் பிரேக் பிடிப்பார்கள். பூட்டிய பின்சக்கரம் மண்ணைச் சுரண்டும். சுரண்டிய இடத்தில் அடுத்த வண்டி துள்ளும். சில வாரங்களில் அங்கே குண்டும் குழியுமாக ஒரு வரிசை உருவாகிவிடும். பிறகு மழை வரும்.

மழைதான் உண்மையான எதிரி. மண்ணில் ஒரு சரிவான கோட்டைக் கீறினாலே நீர் அதைத் தன் வாய்க்காலாக எடுத்துக்கொள்ளும். ஜூன் தொடங்கிச் சாரலும், அக்டோபருக்குப் பின் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் புளியறை போன்ற நிலத்தில், கவனமில்லாமல் வெட்டிய தடம் ஒரே வருடத்தில் ஓடையாகும். தடம் அமைப்பவர்கள் சில கைவிதிகள் வைத்திருக்கிறார்கள். மலையின் சரிவு எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் தடத்தின் சாய்வு போகக்கூடாது. மலை 100-க்கு 20 சரிந்தால் தடம் 10-க்குள் இருக்க வேண்டும். மீறினால் நீர் தடத்தைக் குறுக்காகக் கடந்து போகாமல் தடத்தோடேயே ஓடத் தொடங்கும். தடத்தின் வெளியோரம் இலேசாகத் தாழ்ந்திருக்க வேண்டும். இவற்றோடு, சிறு தூரத்துக்கு ஒருமுறை இறக்கம் நின்று, தடம் சற்றே ஏறி, பிறகு மறுபடி இறங்க வேண்டும். இதை எதிரேற்றம் எனலாம். ஓடிவரும் நீரால் அந்த ஏற்றத்தில் ஏற முடியாது. அதற்கு முன்னுள்ள பள்ளத்தில் தேங்கி, ஓரமாக வழிந்து காட்டுக்குள் போய்விடும். வேகம் எடுப்பதற்குள் வெளியேற்றப்படுவதால் மண்ணை அரிக்கும் வலு அதற்கு வருவதில்லை.

அந்த எதிரேற்றம் எது தெரியுமா? நாம் இவ்வளவு நேரம் பார்த்த அலைமேடேதான். தண்ணீருக்கு அது அணை. வேகமாக வருகிறவருக்கு அது பிரேக். உடம்பை ஆட்டத் தெரிந்தவருக்கு அது எஞ்சின். ஒரே மண்மேடு மூன்று வேலை செய்கிறது, தேய்மானமில்லாமல். சைக்கிள் ஓட்டுகிறவருக்குச் சுகமான தடமும் மழையில் கரையாத தடமும் ஒரே வடிவத்தில் வந்து சேர்வது தற்செயலில்லை. இரண்டுக்கும் வேண்டியது, இறங்கும் பொருள் எதுவானாலும் அதை அதிவேகம் எடுக்க விடாமல் இருப்பதுதான்.

வண்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலைச் சைக்கிளின் டயர் இரண்டரை அங்குலம் வரை தடித்தது, காற்றோ 25 பி.எஸ்.ஐ. அளவுக்குத்தான் இருக்கும். கையால் அழுத்தினாலே மெத்தென்றிருக்கும். காற்று குறைவாக இருப்பதால் டயர் தட்டையாகி மண்ணோடு படிகிறது. ஆனாலும் ஒரு சக்கரம் தரையைத் தொடும் பரப்பு 5 சென்டிமீட்டருக்கு 5 சென்டிமீட்டர்தான். வளைவு, பிரேக், தாவல், உயிர் எல்லாம் அந்த இரண்டு சதுரங்களில் நிற்கின்றன. இந்த டயர்களில் டியூப் கிடையாது. முள் குத்தினால் தானே அடைத்துக்கொள்ள உள்ளே ஒரு திரவம் ஊற்றியிருப்பார்கள். பல தயாரிப்புகளில் அதன் மூலப்பொருள் இயற்கையான ரப்பர் பால். கோட்டைவாசலைத் தாண்டியதும் தொடங்கும் ரப்பர் தோட்டங்களில் அதிகாலையில் பட்டை கீறி எடுக்கிற அதே பால். 1964-இன் ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு வாழ்வளிக்கவென்றே புனலூரில் ஓர் அரசு ரப்பர் நிறுவனம் தொடங்கப்பட்டது. இந்த மலையின் மேற்குச் சரிவில் அவர்கள் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன.

முன்கவையும் பின்பக்க ஷாக் அப்சார்பரும் இன்னொரு செலவுக்கணக்கு. செங்குத்தான பந்தயத் தடங்களுக்கான வண்டியில் முன்சக்கரம் 20 சென்டிமீட்டர் வரை மேலே அமுங்கும். அமுங்கியதை மீட்பது காற்றறை அல்லது சுருள்வில். மீண்டும் மீண்டும் துள்ளாமல் தடுப்பது, சிறு துளைகளின் வழியே நெருக்கித் தள்ளப்படும் எண்ணெய். கல்லில் மோதிய அடி, எண்ணெயில் இளஞ்சூடாக முடிகிறது.

இந்தச் சௌகரியம் எதுவும் லாரிக்குக் கிடையாது. 30 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் இறங்கும்போது கரைக்க வேண்டிய ஆற்றல், நம் சைக்கிள்காரரைப் போல 300 மடங்குக்கும் மேல். ஏறக்குறைய 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. ஆகவேதான் மலையில் பழகிய ஓட்டுநர்கள் ஏறிய கியரிலேயே இறங்குவார்கள். எஞ்சின் உறுமி உறுமி வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். புளியறையில் இந்த இறக்கத்தோடு வாழ்கிறவர்களுக்கு ஒரு வளைவு தவறினால் என்னாகும் என்று நன்றாகத் தெரியும். 2024 பிப்ரவரி 25 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றிவந்த லாரி எஸ் வளைவருகே சாலையை விட்டுக் கீழே உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். சத்தம் கேட்டு எழுந்த ஒரு முதிய தம்பதி, ரயில் வருவதை உணர்ந்து, டார்ச் லைட்டை ஆட்டியபடி தண்டவாளத்தில் ஓடி ரயிலை நிறுத்தினார்கள். தமிழக அரசு அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் அளித்துப் பாராட்டியது. இரும்பின்மேல் ஓடும் இரும்பு நிற்க நெடுந்தூரம் எடுக்கும். அந்தத் தூரத்தை ஒரு டார்ச் வெளிச்சம் சம்பாதித்துக் கொடுத்தது.

புளியறையைச் சுற்றியுள்ள காட்டில் ஓட்டத்தடம் எதுவும் இல்லை, இருக்கவும் வேண்டாம் என்பதே என் உறுதியான எண்ணம். இந்தப் பக்கம் 2015-இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்குச் சரணாலயம், அந்தப் பக்கம் 1984 முதல் செந்துருணிச் சரணாலயம். அனுமதியில்லாமல் உள்ளே கால் வைப்பதே குற்றம். பெரியாறு காட்டையும் அகத்தியமலைக் காட்டையும் பிரிக்கும் இந்தக் கணவாயில், யானைகளுக்கு மிஞ்சியிருக்கும் இடமே ஒடுக்கமானது. மணிக்கு 30 கிலோமீட்டரில் சத்தமில்லாமல் வளைவைத் திரும்பும் சைக்கிளும் அங்கே நிற்கும் யானையும் சந்திக்கக் கூடாது. ஓட்டத்தடத்துக்கு அடர்காடு தேவையும் இல்லை. கனடாவின் விஸ்லரில் உலகப் புகழ்பெற்ற சைக்கிள் தடங்கள் இருப்பது பனிச்சறுக்கு மலையில். குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காரர்களைத் தூக்கிப்போகும் கம்பிவட நாற்காலிகளே கோடையில் சைக்கிள்களைத் தூக்கிப்போகின்றன. நம் பக்கத்தில் தனியார் தோட்டச் சரிவுகள் இதற்குப் போதும். சாய்வுமானி, மண்வெட்டி, ஒரு மழைக்காலம் முழுக்க நீர் போகும் வழியைப் பார்த்துக் குறித்துவைக்கும் பொறுமை, இவ்வளவுதான் முதலீடு.

அதுவரை சைக்கிள்காரருக்கு மிஞ்சுவது நெடுஞ்சாலைதான். அங்கே வளைவுக்கரையும் இல்லை, வேகத்தைச் சேமித்துவைக்கும் மேடும் இல்லை. எல்லாக் கணக்கையும் இரண்டு பிரேக் விரல்கள்தான் பார்க்க வேண்டும். டயரின் பிடிமானம் ஒரே பை. பிரேக்குக்கும் திரும்புவதற்கும் அதிலிருந்தே எடுக்க வேண்டும், ஆனால் பங்கு நேராகப் பிரிவதில்லை. பிடிமானத்தில் 100-க்கு 60 பங்கைப் பிரேக் எடுத்துக்கொண்டாலும் திரும்ப 80 மிஞ்சுகிறது. 80-ஐப் பிரேக் எடுத்தால் 60 மிஞ்சும். முழுவதையும் எடுத்து டயர் பூட்டிக்கொண்டால் மிச்சம் பூஜ்யம்; ஹேண்டிலை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி நேராகவே போகும். அதனால் வேகத்தை எல்லாம் வளைவுக்கு முன்னால், நேர்ப்பகுதியில், வண்டி நிமிர்ந்திருக்கும்போதே குறைத்துவிட வேண்டும். அழுத்திப் பிடித்து, விட்டு, தட்டு காற்றில் ஆற நேரம் கொடுத்து, மறுபடி பிடிக்க வேண்டும். எஸ் வளைவின் முதல் திருப்பத்தில் நுழையும்போது விரல்கள் பிரேக்கிலிருந்து தளர்ந்திருக்க வேண்டும், கண்கள் இரண்டாவது திருப்பத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். சாரல் நாளில் நனைந்த தாரின் பிடிமானம் இன்னும் குறைவு. அன்றைக்கு இந்த வேலையெல்லாம் இரண்டு லாரி நீளம் முன்னதாகவே தொடங்க வேண்டும்.